என் பெயரில் அமத்திய சம்மதம்

சென்னை விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் எங்கள் விமானத்துக்கு எதிரே வேறொரு நேரம் எழுதப்பட்டிருந்ததைக் கண்டபோது எனக்கு முதலில் வந்தது கவலையன்று, ஐயம். பிற்பகலில் புறப்பட வேண்டியதை இரவுத் தொழுகையான இஷா நேரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். ஏறி அமர்ந்து ஒரு தேநீர் குடித்து முடிக்கும் முன் கொழும்பை அடுத்த கட்டுநாயக்கவில் இறக்கிவிடும் பயணம் அது. இவ்வளவு குறுகிய வழிக்கு இவ்வளவு நீண்ட தாமதம் எதற்கு என்று பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பலகை காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத எதனையும் நான் எளிதில் நம்புகிறவன் அல்லன்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் என் தம்பியின் மகளுக்குக் காவின். நிக்காஹ் ஒப்பந்தத்தை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வோம். தம்பி மவுத்தாகி ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்த ஆண்மக்கள் இல்லை; தகப்பன் வழிப் பாட்டனாரும் இல்லை. ஆகவே அவளுக்கு வொலி நான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, இவளை உமக்குத் தந்தேன் என்று வாயால் மொழியும் உரிமை வொலிக்கே உண்டு. தம்பி தன் கடைசி நாட்களில், மூச்சுக்கு இடைவெளி தேடிக்கொண்டே, அண்ணனாகிய என்னிடம், "காக்கா, புள்ளைய நீங்கதான் உங்கட வாயால குடுக்கணும். வேற ஆரும் வேணாம்" என்றான். நான் ஓம், அப்படியே செய்கிறேன் என்றேன்.

வேறு யாரும் வேண்டாம் என்று அவன் யாரை நினைத்துச் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்களில் கலியாணமான ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்ணுக்குரியது; தெரு அவளுடைய தாய்வழிக் குடிக்குரியது. நானும் தம்பியும் அக்காளையும் தங்கையையும் மணமுடித்து, ஒரே வீட்டு வளவுக்குள் போய்ச் சேர்ந்தோம். அவ்விரு பெண்களுக்கும் இளையவராக ஒரே ஒரு சகோதரர், என் மச்சினன். அந்தக் குடிக்காகப் பள்ளிவாசலில் பேசும் மரைக்கார் அவர். நாவிதன்வெளிப் பக்கம் வயலும், ஊரில் ஒரு நெல் ஆலையும் உண்டு. கிணற்றைத் தூர் வாருவது முதல் பெண் கொடுப்பது வரை அந்த வளவில் அவர் சொல்லே சொல். வந்த மாப்பிள்ளைகளாகிய நாங்கள் விருந்தினருக்குரிய மரியாதையோடும் விருந்தினருக்குரிய அதிகாரமின்மையோடும் அங்கே வாழ்ந்தோம். என் வாய்ச்சொல் இல்லாமல் நடக்க முடியாத காரியம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. அது நாளைக்கு நடக்க இருந்தது.

இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவரும் மச்சினனே. என் மனைவிக்குச் சென்னையில் கண் சத்திரசிகிச்சை நடந்து, மறுபடி ஒரு தரம் வைத்தியரிடம் காட்ட வேண்டியிருந்தது. கலியாணம் முடியட்டும், பிறகு போகலாம் என்று நான் சொன்னேன். காட்டிவிட்டு வந்தால்தான் ராத்தா, அதாவது அவருடைய அக்காள், கலியாணத்தைத் தெளிவாகப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். டிக்கெட் எடுத்தவர் அவர். நாளைக் குறித்தவர் அவர். எத்தனையோ விமானங்கள் இருக்க, பிற்பகல் விமானத்தைத் தேர்ந்தவரும் அவர். கொழும்புக்குப் போவதென்றால் விடியற்கால முதல் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறாத மனிதர், எங்களுக்கு மட்டும் பிற்பகலை ஏன் தேர்ந்தார் என்ற கேள்வி, பலகையின் கீழே நின்றபோதுதான் எனக்குள் முளைத்தது.

கவுண்டரில் இருந்த பெண்பிள்ளையிடம் போய், நேரம் மாறியதை ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டேன். "மெசேஜ் அனுப்பிட்டோம் சார், நேத்தே" என்றாள். எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை என்று என் கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. எல்லாருக்கும் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லி, எங்கள் பைகளைத் தராசில் வைக்கச் சொன்னாள். அனுப்பாத ஒன்றை அனுப்பியதாகச் சொல்லிப் பழகிய வாய் என்று அவளைப் பற்றி எண்ணிக்கொண்டேன்.

உள்ளே போய் அமர்ந்ததும் மனைவி கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டாள். நண்பகல் ளுஹரையும் அஸரையும் பிரயாணியின் சலுகைப்படி சேர்த்துத் தொழுதுவிட்டு நான் திரும்பி வந்தபோது மச்சினனின் அழைப்பு வந்தது.

"மச்சான், பிளேன் பிந்துதாமே. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றார்.

நான் அதுவரை ஊரில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மனைவியும் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்குமுன் அவர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். பள்ளிவாசல் மௌலவியோடு கதைத்துவிட்டாராம். காவின் பதிவதும் அந்த மௌலவிதான். வொலி பிரயாணத்தில் மாட்டிக்கொண்டால், தனக்குப் பதிலாக ஒருவரை நியமிக்க மார்க்கத்தில் இடம் உண்டு என்று மௌலவி சொன்னாராம். "போனிலேயே வக்காலத்த தந்திருங்க மச்சான். நான் பாத்துக்கொள்றன். நீங்க ஆறுதலா வாங்க" என்றார்.

பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிக் கைப்பேசியை வைத்தேன். மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியாததன்று. தாய்மாமன் எவ்வளவு பெரிய மரைக்காராக இருந்தாலும் வொலியாக முடியாது. ஆனால் வொலியே மனமுவந்து வக்கீலாக நியமித்தால், அவர் அந்த இடத்தில் அமரலாம். மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லலாம். என் வாயிலிருந்து ஒரு வசனம் போதும். அதற்காகவே இந்தப் பயணமும் இந்த விமானமும் இந்தத் தாமதமும் அடுக்கி வைக்கப்பட்டனவோ என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க. மழ பேஞ்சாலும் எங்கட தம்பிதான், வெயில் எறிச்சாலும் எங்கட தம்பிதான் உங்களுக்கு. ஆகாயத்தில பறக்கிறதயும் அவன் கயித்தில கட்டி இழுக்கிறானா?"

"எப்படித் தெரியும் அவருக்கு?"

"ஆரும் சொல்லியிருப்பாங்க."

"ஆரு?"

அவள் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அக்கரைப்பற்றிலிருந்து வந்த சேலை வியாபாரி ஒருத்தி எங்கள் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தாள். மாதம் தவறாமல் சென்னைக்கு வந்து சேலைகள் எடுத்துப் போகிறவள். பேச்சில் ஒளிவு மறைவு இல்லை. நாங்கள் நண்பகல் முதல் இருக்கிறோம் என்று கேட்டு வியந்தாள். நேற்று மாலையே செய்தி வந்ததே என்றாள். தன் கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியையும் காட்டினாள். விமானம் பிந்துகிறது, வருந்துகிறோம் என்று தொடங்கி, அதன் கீழே மூன்று வழிகள் தந்திருந்தார்கள். புதிய நேரத்தை ஏற்கலாம். மேலதிகக் கட்டணம் இல்லாமல் வேறு விமானத்துக்கு மாறலாம், அன்று காலை முதல் விமானமும் அவற்றில் ஒன்று. அல்லது கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அவள் சேலைக்கடையில் வேலை முடியாததால் புதிய நேரத்தை ஏற்றாளாம்.

காலை முதல் விமானம். அதில் ஏறியிருந்தால் அந்நேரம் நாங்கள் ஊருக்குப் போகும் மட்டக்களப்புத் தெருவில் வந்துகொண்டிருப்போம்.

எழுந்து உள்ளே இருந்த கவுண்டருக்குப் போனேன். வியாபாரியும் கூட வந்தாள். எங்கள் பெயரில் அனுப்பிய செய்தி எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞன் தயங்கி, கடைசி இலக்கங்களை மட்டும் வாசித்தான். அது மச்சினனின் எண். எங்கள் வளவில் மின்கட்டணம் முதல் ஹஜ் விண்ணப்பம் வரை எதற்கும் அந்த ஓர் எண்ணைத்தான் கொடுப்போம். வீட்டுக்கு ஒரு வாசல் போல, குடிக்கு ஒரு போன். வயதானவர்கள் தங்கள் எண்ணைக் கொடுப்பதும், பெண்களின் எண்ணை வெளியில் கொடுப்பதும் எங்களிடம் வழக்கமில்லை. மரைக்காரின் எண்ணைக் கொடுப்பதே முறை என்று எல்லாரும் நினைத்தோம். பயணியின் உரிமை பயணியின் கைக்கு வராமல், டிக்கெட் எடுத்தவரின் சட்டைப் பைக்குப் போகும் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"அக்செப்ட் பண்ணியிருக்கீங்களே சார்" என்றான் இளைஞன். "புது டைமை ஒத்துக்கிட்டாச்சு. இனிமே நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

என் பெயரில் யாரோ ஓம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

மச்சினனை அழைத்தேன். செய்தி வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார், தயங்காமலே. அறுவடை மெசின் வந்து நின்ற நேரமாம். நாவிதன்வெளி வயலுக்குள் நின்றாராம். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லையாம்.

"ரெண்டு மூணு கட்டம் இருந்திச்சி மச்சான். ஒண்டு பச்ச. பச்சய அமத்தினன். பிந்துது எண்டு சொல்றாங்க, சரி எண்டு சொல்லத்தானே வேணும்?"

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க கவலப்படுவீங்க எண்டுதான். மறுகா சொல்லலாம் எண்டு இருந்தன்."

நெல் ஆலைக்கு வங்கியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு தரம் வாசித்து, மூன்றாம் தரம் மருமகனைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்பவர் அவர். அந்த மனிதர் பச்சை நிறத்தைப் பார்த்து அமத்திவிட்டார் என்பதை நான் எப்படி நம்புவது? நம்பாமல் இருப்பதற்கும் என்னிடம் சான்று இல்லை. வயல் அறுவடை மெய், வெயிலும் மெய். ஒரு பொய்யைக் கட்ட வேண்டியவனுக்கு இவ்வளவு மெய்கள் கையில் கிடைத்தால் வேறென்ன வேண்டும் என்றும் தோன்றியது.

இளம்பிராயம் முதல் முனாஜாத்துகளை ஓதி வளர்ந்தவன் நான். இறைவனிடம் இரந்து பாடிய அப்பெரியோர், பிறர் குற்றத்தைச் சொல்லித் தொடங்கமாட்டார்கள். தம் நெஞ்சின் அழுக்கை முதலில் அவன் முன் வைத்து, அதன் பின்னரே தம் தேவையைச் சொல்வார்கள். பாடலின் ஒழுங்கே அப்படி அமைந்தது. அந்தித் தொழுகையான மஃரிபு தொழுதுவிட்டு அந்த ஒழுங்கில் இரக்க முயன்றேன். நாவு அடியேனின் பிழை என்று தொடங்கிற்று. நெஞ்சோ மச்சினனின் பிழையைப் பதம் பிரித்துக்கொண்டிருந்தது. மிகுதியான சந்தேகம் பாவம் என்பதை அறியாதவன் அல்லன் நான். ஆயினும் அறிவு ஓரிடத்திலும் மனம் ஓரிடத்திலும் நின்றன.

இஷா நேரம் வந்தது, விமானம் வரவில்லை. இன்னும் அரைமணி என்றார்கள். அரைமணி கழிந்ததும் இன்னுமொரு மணி என்றார்கள். வரவேண்டிய விமானம் வேறெங்கோ பிந்திவிட்டது என்பது முதல் காரணம். கொழும்பில் மழை என்பது இரண்டாவது. வியாபாரி கொழும்பிலிருந்த தன் மகளை அழைத்துக் கேட்டாள். அங்கே வானம் வெளுத்துக் கிடக்கிறதாம். அதைக் கவுண்டரில் போய்ச் சொன்னபோது, காரணம் மூன்றாம் தரம் மாறி, இயந்திரக் கோளாறு ஆயிற்று.

எதற்காக இப்படித் துண்டு துண்டாகச் சொல்கிறார்கள் என்று வியாபாரியைக் கேட்டேன். அவள் பட்டறிந்ததைச் சொன்னாள். ஓரளவுக்கு மேல் பிந்தினால் சாப்பாடு தரவேண்டும். அதற்கும் மேலே போனால் வேறு விமானமோ பணமோ, எது வேண்டும் என்று பயணியைக் கேட்க வேண்டும். சிறிது சிறிதாக நறுக்கிச் சொன்னால் அந்த எல்லை வந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம் என்றாள். காரணத்திலும் விடயம் இருக்கிறது. மழை என்றால் நட்டஈடு இல்லை. மழைக்கு யாரும் பொறுப்பில்லை அல்லவா. கோளாறு என்றால் அது அவர்கள் வீட்டுக் குற்றம். பிற்பகல் விமானம் காலையிலிருந்து ஊர் ஊராகப் பறந்து, ஒவ்வோர் ஊரிலும் சிறிது பிந்தி, எல்லாவற்றையும் சேர்த்து நம் தலையில் கொண்டுவந்து இறக்கும் என்றாள். காலை முதல் விமானம் இரவே வந்து நிலையத்தில் தங்கிவிடுகிறது, ஆகவே அது பிந்துவது குறைவு.

"வியாபாரத்துக்கு அவசரமெண்டா நான் முதல் பிளேன்லதான் போவன் காக்கா. உங்களுக்கு டிக்கட் போட்டவருக்கு இது தெரியாதா?"

இந்தக் கேள்விக்கு நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். அவள் உறங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில், விமானம் இன்றில்லை, நாளை என்று அறிவித்தார்கள். ஒரு கூட்டம் கவுண்டரைச் சூழ்ந்தது. மேலாளர் போலத் தோன்றிய ஒருவர் வந்து, எல்லாருக்கும் ஹோட்டல் உண்டு, நாளை நண்பகல் விமானத்தில் இடம் உண்டு, அடுத்த பயணத்துக்குக் கழிவுக் கூப்பனும் உண்டு என்று இனிமையாகச் சொன்னார். பலர் கூப்பனைக் கேட்டு அமைதியாயினர். நண்பகலில் புறப்பட்டால் நான் கல்முனையைத் தொடும்போது காவின் முடிந்து மாப்பிள்ளை உறங்கியிருப்பார். எனக்குக் காலை முதல் விமானம் வேண்டும் என்றேன். அது நிறைந்துவிட்டது என்றார். வேறு நிறுவனத்தின் விமானமாயினும் சரி என்றேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் மாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்களே என்றார்.

நான் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, ஏற்றது முதல் மாற்றத்தை. அதையும் ஏற்றவன் நானல்ல. இருந்தாலும் என் பெயரில் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இஷாவுக்குப் புறப்படும் என்று சொல்லித்தான் அந்தச் சம்மதத்தை வாங்கினீர்கள். அந்த விமானம் புறப்படவில்லை. ஒன்றுக்குச் சொன்ன ஓம் இன்னொன்றுக்கும் ஓமாகுமா?" என்றேன். இது புதிய தாமதம், புதிதாகக் கேட்க வேண்டும் என்று வியாபாரியும் பின்னாலிருந்து சொன்னாள். இன்றைய தாமதத்தின் காரணம் எதுவோ அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படியும் கேட்டேன். மழையா, கோளாறா, எது என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்றேன்.

அவர் உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது, காலை முதல் விமானத்தில் இரண்டு இடங்கள் இருப்பதாகச் சொன்னார். நிறைந்திருந்த விமானத்தில் இடம் எங்கிருந்து முளைத்தது என்று கேட்க நா எழுந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். காரணம் எழுதிய தாள் கடைசிவரை கிடைக்கவில்லை. பின்னாளில் நட்டஈடு கேட்டு எழுதியபோது, காலநிலை காரணம் என்று பதில் வந்தது. வெளுத்த வானத்தின் காலநிலை.

ஆனால் முதல் விமானமும் பிந்தாது என்று யார் சொல்ல முடியும்? என் பிடிவாதத்தால் பந்தலில் கூடிய சபை முன் அந்தப் பிள்ளை வெட்கப்பட நேரக்கூடாது. ஹோட்டலுக்குப் போகும் வண்டியில் இருந்தபடியே மௌலவியை அழைத்தேன். வெள்ளிக்கிழமை மஃரிபு வரை எனக்காகப் பொறுக்க வேண்டும் என்றேன். அதற்குள் நான் வராவிட்டால், அவருக்கே நான் வக்காலத்துத் தருகிறேன். வேறு எவருக்குமில்லை, எவர் கேட்டாலும் இல்லை என்றேன். மரைக்கார் மனம் நோவாரே என்றார் மௌலவி. நோகட்டும் என்று நான் சொல்லவில்லை. துஆச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன்ட மருமகளும்தான் அவ" என்றாள், மெல்ல.

காலை விமானம் குறித்த நேரத்தில் எழுந்தது. அவ்வளவு சரியாக எழுந்தது கூட எனக்குச் சற்று ஐயத்தைத் தந்தது. கட்டுநாயக்கவில் வேன் காத்திருந்தது. வழியில் மச்சினன் பலமுறை அழைத்தார். "எவடத்தில வாறீங்க மச்சான்?" என்பதே ஒவ்வொரு தடவையும் கேள்வி. எங்களை விரைவுபடுத்தக் கேட்கிறாரா, தமக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று அளக்கக் கேட்கிறாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. வழியில்தான் என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது. ஆனால் எல்லா மெய்யையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாலாவது அழைப்பின்போது மனைவி கைப்பேசியைப் பறித்து, "தம்பி, பொலநறுவ தாண்டிட்டம். மாப்பிள்ள வீட்டாக்கள ஓட உடாம வெச்சுக்கொள்ளு" என்றாள்.

பாண்டிருப்பைக் கடக்கும்போது அஸருடைய வெயில் மஞ்சளித்திருந்தது. அஸர் தொழுகை முடிந்து வெகு நேரம் ஆகிவிட்டது. வளவின் வாசலில் வேன் நின்றபோது, மச்சினன் வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சாரனும் தொப்பியும், வியர்த்த முகமும். பந்தலுக்குள் யாரும் எழுந்து போகவில்லை என்பதைக் கண்ணால் எண்ணிக்கொண்டேன்.

"மூணு தரம் தேத்தண்ணி குடுத்தாச்சி மச்சான். இன்னொருக்காக் குடுத்தா, கலியாணத்துக்கு வந்தமா தேத்தண்ணிக்கு வந்தமா எண்டு கேப்பாங்க" என்றார். சிரிக்கவில்லை. மௌலவியிடம் நான் சொன்னதை அவர் அறிந்திருந்தார் என்பது அவர் என் பையை வாங்கிய விதத்தில் தெரிந்தது. வாங்கினார், ஆனால் என் கையைத் தொடவில்லை.

முகம் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டு, சம்மதம் கேட்க உள்ளே போனேன். பெண்ணின் வாயால் சம்மதத்தைக் கேட்டுவிட்டு வந்தே வொலி சபையில் அமர வேண்டும். பிள்ளை முகத்திரைக்குள் இருந்து என் குரலைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள்.

"பெரியாப்பா, கொஞ்சத்துக்கு முன்ன மாமா வந்து கேட்டாரு, தொடங்கட்டா, பொறுக்கட்டா எண்டு. நீங்க வராம நான் ஓம் சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"மாமா என்ன சொன்னாரு?"

"ஒண்டும் சொல்லல்ல. சரி எண்டு போய்ட்டாரு."

தொடங்கட்டா என்பது முதலில் வந்ததா, பொறுக்கட்டா என்பது முதலில் வந்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இந்த மாப்பிள்ளைக்கு உன்னைத் தரச் சம்மதமா மகளே என்று கேட்டேன். "ஓம் பெரியாப்பா" என்றாள். எவரும் எவருக்காகவும் அமத்தாத ஓம்.

சபையில் அமர்ந்தபோது, ஒரு பக்கச் சாட்சியாக மச்சினனை அமரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். உபசாரமா, வேறெதுவுமா என்று அவரும் ஐயுற்றிருக்கக் கூடும். வந்து அமர்ந்தார். மாப்பிள்ளையின் கை என் கைக்குள் குளிர்ந்திருந்தது. என் தம்பியின் பெயரைச் சொல்லி, அவனுடைய மகளை இன்ன மஹர்த் தொகைக்கு உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொன்னது பந்தலின் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும்.

நான் சொல்லிய அந்த நேரம் முழுவதும் மச்சினன் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் தவறினால் பிடிக்கவா, அல்லது அவருடைய உதடுகளும் அந்தச் சொற்களையே ஓசையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தனவா? அவை அசைந்தன என்றுதான் எனக்குப் பட்டது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். எழுந்து, அவரும் நானும் ஒரே வரிசையில், தோளோடு தோள் சேர்த்து நின்றோம்.